கிருஷ்ணகிரி டெய்லர் கையில பனாரஸ் பட்டு

சிங்கப்பூர்ல பட்டுத்துணி வச்சிருக்கறது பெரிய ரோதனை. காத்துல ஈரம் ஜாஸ்தி, ஜரிகையில இருக்கற வெள்ளி கறுக்க ஆரம்பிச்சிரும், டிரைவாஷ்ல குடுத்தா காசை தீட்டிருவாங்க. அதனால இந்த தடவ ஊருக்கு வரும்போது பாலிஷ் (கசங்குன பட்டை ரோலர்ல விட்டு திரும்ப பளபளப்பாக்கறது), ஃபால்ஸ், பிளவுஸ் எல்லாத்தையும் கிருஷ்ணகிரியிலயே முடிச்சிரலாம்னு பாதி பெட்டி பட்டாவே கட்டிட்டு வந்தேன். இதே ஐடியால வர்றவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல டெய்லர். பழையபேட்டையில வீட்டு முன்ரூம்ல மெஷின் போட்டிருக்கற ஒரு அக்கா. காசியில, அதான் பனாரஸ்ல, வாங்குன ரெண்டு பிளவுஸ் பிட் குடுத்தேன், ரெண்டுமே கைத்தறி ப்ரொகேட், அதாவது ஜரிகையில பூ வச்சு நெஞ்ச பட்டு. அவங்க முன்பக்கத்தை பாக்கவே இல்ல, நேரா திருப்பி போட்டு விரலால தடவுனாங்க. "இதுல பூ தனித்தனியா போட்டிருக்காங்கமா, பின்னாடி நூல் தொங்கல, லைனிங் மெல்லிசா போதும். அந்த இன்னொண்ணு நூலை வெட்டி விட்டிருக்காங்க, வளையல் மாட்டுனா பூவே கையோட வந்துரும், கெட்டி காட்டன் லைனிங் போடணும்"னாங்க. காசிக்காரங்க முதல் வகைய கடுவான்னும் ரெண்டாவத கட்வொர்க்னும் சொல்வாங்க, கடுவாவுல ஒவ்வொரு பூவுக்கும் தனி நூல் சுத்தி நெய்யறதால நாளும் ஆகும் விலையும் ஏறும். அந்த பேரெல்லாம் அக்காவுக்கு தெரியாது, ஆனா விஷயம் கரெக்டா தெரிஞ்சிருக்கு. அப்புறம் "கையில பூ மேல பாக்கணுமா கீழ பாக்கணுமா"ன்னு கேட்டுட்டுதான் கத்திரியவே எடுத்தாங்க, ப்ரொகேட் ஓரம் பிரியும்னு உள்ள துணி தாராளமா விட்டு ஓவர்லாக் அடிச்சாங்க, அயர்னும் உள்பக்கமா மேல ஒரு காட்டன் துணி போட்டுதான். ஃபிட்டிங் சூப்பர். சொன்ன தேதிக்கு மட்டும் தரல, அது எந்த டெய்லர்தான் தந்தாங்க!

பாலிஷ் கதை வேற. டவுன்ல ஒரு கடையில எதையுமே பாக்காம வாங்கி, பில் நம்பரை முந்தானை ஜரிகை மேலயே ஸ்டேப்ளர் அடிச்சாங்க. கேட்டா "எல்லாருக்கும் அப்படித்தாங்க". புடவை திரும்பி வந்தப்போ கஞ்சி ஏறி அப்பளம் மாதிரி நின்னுச்சு. ரெண்டாவது போன இடத்துல ஒரு வயசான அண்ணன், அம்மாவோட கனமான பனாரஸை ரோலர்ல விட மாட்டேன்னே சொல்லிட்டாரு. "பழைய ஜரிகைமா, நசுங்குனா மடிப்புல உடையும். நிழல்ல காத்தாட போட்டு மல் துணியில சுத்தி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மடிப்பை மாத்துங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், சென்ட் அடிக்கறதை கட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க." வேலையே செய்யாம அனுப்புன அவர்கிட்டதான் அடுத்த தடவையும் போவேன்.

நடுவுல பழைய பட்டுப்புடவை வாங்கறவங்க தெருவுல வந்தாங்க. அவங்களுக்கு வேண்டியது உள்ள இருக்கற வெள்ளி. அதுல ஒருத்தர் அம்மாவோட காஞ்சிபுரத்து ஜரிகைய சுரண்டி பாத்தாரு, உள்ள சிவப்பு பட்டுநூல் இருந்தா அசல் வெள்ளி ஜரிகைன்னு அவங்க கணக்கு, அது தெரிஞ்சதும் ஆசையில அவர் முகமே மாறுச்சு, அம்மா புடவைய பிடுங்கி பீரோவுல வச்சு பூட்டிட்டாங்க.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கும் மாமா கூட்டிட்டு போனாரு. 2004 வரைக்கும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டம்தானே, ரெண்டு பக்கமும் மல்பெரி தோட்டம் நிறைய. வெள்ளைக்கூடு குவியல் குவியலா, ஏலம் சூடு பறக்குது, புழு வாடைக்கு மூக்கு பழக கொஞ்ச நேரம் ஆகும். காசித் தறியில ஓடற மல்பெரி நூல்ல நிறைய நம்ம தெற்கத்தி பக்கம் இருந்து போறதுதான்னு பல பேருக்கு தெரியாது. பனாரஸ் ப்ரொகேடுக்கு 2009லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, நூல் குடுக்கறவங்களை எவனும் பேசறதில்ல, எனக்கு இதுல கொஞ்சம் கடுப்புதான்.

புதுசா வாங்கறவங்களுக்கு ஒண்ணு. ஒரு ஷோரூம்ல சில்க் மார்க் லேபிளை காட்டி "கைத்தறிங்க"ன்னு அடிச்சு விட்டாங்க. அந்த லேபிள் சுத்தமான பட்டுன்னு மட்டும்தான் சொல்லும், பவர்லூம் பட்டுக்கும் அது கிடைக்கும், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க்னு தனியா இருக்கு.

தை, வைகாசி முகூர்த்த சமயத்துல வந்தா இந்த டெய்லர் யாருமே கைக்கு சிக்க மாட்டாங்க. ஆடியில வாங்க, இல்லன்னா துணிய முன்னாடியே யார்கிட்டயாவது குடுத்து விட்டுருங்க.