தெருவோரம் கிடைத்த பொருள்: அப்படியே விற்பதா, பழுதுபார்த்து விற்பதா, பிரித்து விற்பதா?

வேண்டாமென்று வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்ட நாற்காலியையோ மின்விசிறியையோ எடுத்துவந்து விற்பவர் அதற்கு விலை எதுவும் கொடுப்பதில்லை. அதனால் கைக்கு வரும் தொகை முழுவதும் லாபம் என்றே முதலில் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பொருளை ஏற்றி இறக்கிய நேரம், விற்கும்வரை அது வீட்டில் அடைத்துக்கொண்ட இடம், அதன்மேல் செலவான உழைப்பு ஆகியவை கணக்கில் ஏறாமலே போய்விடுகின்றன. துடைத்து அப்படியே விற்பது, பழுதுபார்த்து விற்பது, பிரித்து உதிரிபாகமாகவும் உலோகமாகவும் விற்பது என்ற மூன்று வழிகளையும், செலவிட்ட ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற ஒரே அளவுகோலால் அளந்தால், பலர் நினைப்பதற்கு நேர்மாறான வரிசை கிடைக்கிறது என்பது என் கருத்து.

அப்படியே விற்பதைப் பலரும் சோம்பேறித்தனமாகக் கருதுகிறார்கள். எனக்கோ அதுதான் மூன்றிலும் மிக லாபகரமானதாகப் படுகிறது. வெளியே வைக்கப்படும் பொருள்களில் கணிசமானவை கெட்டுப்போனதால் வெளியே வருவதில்லை. வீடு மாறும்போது புதிய அறைக்குள் நுழையாத மேசை, வாடகைக் காலம் முடிந்ததால் தூக்கிச்செல்ல முடியாத அலமாரி, படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர் விட்டுச்சென்ற மேசை விளக்கு என இவற்றுக்கு வேண்டியதெல்லாம் ஈரத்துணியும், பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்களும், நீள அகல உயரத்தைத் தெளிவாகச் சொல்லும் விளம்பரமுமே. கீறல் இருந்தால் அதையும் தனியாகப் படம் பிடித்துப் போடுவது நல்லது; வந்து பார்த்தபின் ஏமாந்து திரும்பும் வாங்குபவரால் இரண்டு தரப்புக்கும் அரை நாள் வீணாகிறது. விலை குறைவாகத்தான் கிடைக்கும், பேரம் பேசுவார்கள், வருகிறேன் என்றவர் வராமலும் போவார். இருந்தும் இரண்டு நாளில் இடம் காலியாகி அடுத்த பொருளுக்கு வழிவிடுகிறது என்பதே இதன் பலம்.

இந்த வழியில் லாபமும் நஷ்டமும் எடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை ஒருமுறை மழையில் நனைந்தால் ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே அலமாரியின் மேற்பரப்பைப் பார்ப்பதற்கு முன்பு குனிந்து அதன் அடிவிளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். முழு மரமா, மேலே ஒட்டிய மெல்லிய தாளா என்ற ஐயம் வந்தால், மேற்பரப்பின் ரேகைகள் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும் தொடர்கின்றனவா என்று பார்க்கலாம். இழுப்பறையை வெளியே இழுத்து மூலைகளை நோக்கினால், புறாவின் விரிந்த வால் போல மரம் மரத்தோடு கோத்திருக்கிறதா, வெறும் ஆணி மட்டும்தானா என்பதும் தெரிந்துவிடும்.

பழுதுபார்த்து விற்பதில்தான் மனம் அதிகம் மயங்குகிறது. அழுக்கேறிய பொருளின் படத்தையும் பளபளக்கும் பொருளின் படத்தையும் அருகருகே பார்க்கும்போது, இடைப்பட்ட மணிநேரங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நானும் ஒரு பழைய இழுப்பறை அலமாரிக்கு மூன்று வார மாலைகளைக் கொடுத்திருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ஒவ்வொரு பூச்சு காயும்வரை காத்திருந்து விற்றபோது, துடைத்து மட்டும் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. அந்தக் கூடுதல் தொகை வாங்கிய வார்னிஷுக்கும் உப்புத்தாளுக்கும் சரியாகப் போயிற்று. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்ற ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டதே 1978இல்தான். அத்தகைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், பல அடுக்காகப் பூசப்பட்ட மிகப் பழைய பொருளை வீட்டுக்குள் வைத்துத் தேய்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

ஆனாலும் பழுதுபார்த்தலை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. கோளாறு என்னவென்று பத்து நிமிடத்தில் தெரிந்து, மாற்றும் பாகமும் மலிவாக இருந்தால், முதல் வழியைவிட இது நிச்சயம் மேல். உறிஞ்சும் வேகம் போய்விட்டதென்று கழிக்கப்பட்ட வாக்யூம் கிளீனரில் பெரும்பாலும் வடிகட்டி அடைத்திருக்கும், குழாயில் ஏதாவது சிக்கியிருக்கும், அல்லது தூரிகையில் முடி சுற்றி ரப்பர் பெல்ட் அறுந்திருக்கும். கையால் சுற்றிவிட்டால் மட்டுமே ஓடும் மின்விசிறிக்கு ஒரு கெப்பாசிட்டரோ இரண்டு சொட்டு எண்ணெயோ போதுமானதாக இருக்கலாம். சைக்கிளில் ட்யூபும் பிரேக் கம்பியும் மாற்றிச் செயினைத் துடைத்து எண்ணெயிட்டால், ஓட்டிப் பார்த்தே வாங்கிச் செல்வார்கள். சட்டகம் வளைந்திருக்கும் சைக்கிளைத் தொடவே வேண்டாம். திரை உடைந்த தொலைக்காட்சியும் அப்படித்தான். அதன் திரையின் விலையே புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், பயிற்சி இல்லாதவர் அதன் உறையைக் கழற்றவே கூடாது.

மூன்றாவது வழி, மேற்கண்ட இரண்டிலும் தோற்ற பொருள்களுக்கு உரியது. உடைந்த திரையுள்ள அதே தொலைக்காட்சியின் பவர் போர்டும் மெயின் போர்டும் நல்ல நிலையில் இருந்தால், அவற்றில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்ய, அதே மாடலை வைத்துத் திண்டாடிக்கொண்டிருப்பவர் தேடி வருவார். மைக்ரோவேவின் சுழலும் கண்ணாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டுகள், ரிமோட், தையல் இயந்திரத்தின் மிதி, பித்தளைக் கைப்பிடி ஆகியவற்றை உறையைத் திறக்காமலே எடுக்கலாம். சிறியவை என்பதால் தபாலிலும் அனுப்பலாம். வாங்குபவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்பது குறைதான், ஆனால் ஒரு பெட்டியில் அடங்கும் பொருள் எத்தனை மாதம் காத்திருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

உலோகமாக எடைக்குப் போடுவது இதன் கடைசிப் படி. செம்பு, அலுமினியம், இரும்பு என்று பிரித்துக் கொடுத்தால் கலந்து கொடுப்பதைவிட நல்ல விலை கிடைக்கும். ஆனால் உறையை நீக்குவதற்காகக் கம்பியை எரிப்பவர்கள், அந்த பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் போன்ற நச்சுகளைத் தாங்களும் சுவாசித்து அக்கம்பக்கத்தாரையும் சுவாசிக்கவைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டுவது இன்னும் மோசமானது. பழையவற்றில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுவும், புதியவை பலவற்றில் எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேனும் இருக்கின்றன. எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது வேறொன்று. சில கிராம் செம்புக்காக ஒருவர் மின்கம்பியை வெட்டிச் சென்றபின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அடுத்து வருபவருக்கும் பயன்படாமல் குப்பையாகிவிடுகிறது. முதல் வழி சரிவரவில்லை என்றால் இரண்டாவதற்குப் போகலாம், இரண்டாவது கைகொடுக்கவில்லை என்றால் மூன்றாவதற்கு வரலாம்; மூன்றாவதிலிருந்து மட்டும் திரும்ப முடியாது.

சில பொருள்கள் மூன்று வழிக்கும் உரியவை அல்ல. மெத்தையும் பஞ்சு வைத்த இருக்கைகளும் மூட்டைப்பூச்சியைச் சுமந்து வரலாம். அது உணவின்றிப் பல மாதம் உயிர்வாழும். அதை அழிக்க ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பமோ, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் உறைநிலையோ பொருளின் உட்பகுதிவரை எட்ட வேண்டும். வீட்டில் ஒரு சோபாவுக்கு அப்படிச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. குழந்தைகளுக்கான கார் இருக்கையும் தலைக்கவசமும் விபத்தில் அடிபட்டவையா என்பது வெளியே தெரியாது. பக்கவாட்டுத் தடுப்பைக் கீழே இறக்கக்கூடிய தொட்டில்கள், குழந்தைகள் சிக்கி மூச்சுத்திணறி இறந்த காரணத்தால் அமெரிக்காவில் 2011இல் தடைசெய்யப்பட்டன. பழையதை மறுவிற்பனை செய்வதும் அந்தத் தடைக்குள் அடங்கும்.

வெளியே வைத்ததை யாரும் எடுக்கலாமா என்ற கேள்விக்கு இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் கிரீன்வுட் வழக்கில் அளித்த தீர்ப்பைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அது தெருவோரக் குப்பையை நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை சோதிக்கலாமா என்பதைப் பற்றியதே அன்றி, எடுப்பவருக்கு உரிமை வழங்கியது அல்ல. ஜெர்மனியிலோ, சூப்பர்மார்க்கெட் ஒன்றின் பூட்டிய தொட்டியிலிருந்து உணவு எடுத்த இரு மாணவியருக்கு விதித்த தண்டனையை அரசியல் சாசன நீதிமன்றம் 2020இல் ஏற்றுக்கொண்டது. உள்ளூர் விதியைத் தெரிந்துகொள்வதோடு, முடிந்தபோதெல்லாம் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதே முறை. கேட்பதால் வேறொரு பலனும் உண்டு: ஏன் கழிக்கிறார்கள், எந்தப் பகுதி வேலை செய்யவில்லை, கடைசியாக எப்போது ஓடியது என்பதை அவர்களே சொல்லிவிடுவதால், இந்தப் பொருளைத் துடைத்து விற்பதா, திறந்து பார்ப்பதா, பிரிப்பதா என்ற முடிவை அதை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடலாம், பல நேரங்களில், காணாமல் போயிருந்த திருகாணியையோ ரிமோட்டையோ உள்ளே போய் எடுத்துவந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள்.