1930-களின் பாணியில் சூட்: பெரிய கடையா, சந்துத் தையற்காரரா?

புதுச்சேரியில் பழைய பாணி சூட் தைக்க இரண்டு வழிகள் உண்டு. நேரு வீதிப் பக்கம் துணியும் தையலும் ஒரே இடத்தில் முடியும் பெரிய கடை ஒன்று. துணியைத் தனியாக வாங்கி, சந்துக்குள் இருக்கும் வயதான தையற்காரரிடம் கொடுப்பது மற்றொன்று.

கடையில் அலைச்சல் இல்லை. ஆனால் அகலமான லேப்பல் (கோட்டின் முன்பக்கம் வெளியே மடிந்திருக்கும் பட்டை), கால்சட்டைக்குத் தொப்புளுக்கு மேல் ஏறும் இடுப்பு, முன்னால் இரட்டை மடிப்பு என்று கேட்டால், "இப்போது யார் சார் போடுகிறார்கள்?" என்பார்கள். இன்றைய ஒட்டிய அளவைக் கொஞ்சம் தளர்த்தித் தருவதோடு சரி.

தையற்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, கோட்டின் மார்புக்குள் என்ன வைப்பார் என்பதைத்தான். பியூசிங் எனும் பசையுள்ள உள்துணியை இஸ்திரி வெப்பத்தில் ஒட்டுவது சுலபம். பசை விட்டால் துணி கொப்புளமாக எழும்பும். அதற்குப் பதில் குதிரைமயிர் கலந்த கேன்வாஸ் துணியைக் கையால் தைத்தால் லேப்பல் தட்டையாகப் படியாது, உருண்டு மடங்கும். பழைய கோட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. அவர் முன்பு தைத்த கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, லேப்பலை விரலால் அழுத்தி, விரலை எடுத்துப் பாருங்கள். தானாக மீண்டு எழ வேண்டும்.

அக்காலக் கம்பளி கனமானது. கால்சட்டை அப்படி நேராகத் தொங்கியது அதனால்தான். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது தண்டனை. கனமான லினன் போதும். கசங்கும், கசங்கட்டும். மூன்றரை மீட்டர் வாங்கி, நனைத்து உலர்த்திய பிறகே வெட்டக் கொடுங்கள்.

என் ஓட்டு சந்துக்கே. கல்யாணம் அடுத்த மாதம் என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் சந்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதே வீண்.