எக்ஸ்ரே எடுக்காமல் பல் பிடுங்க விடாதீர்கள்: வெள்ளவத்தையில் அம்மாவுக்கு நடந்தது

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கீழ்ப்பக்க ஞானப் பல் பாதி முளைத்து, முரசு வீங்கியிருந்தது. டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐந்து நிமிட வேலை, அன்ரி" என்றார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. என்ன மருந்து குடிக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது, அஸ்பிரினும் குடிக்கிறார். நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

விறைப்பூசி போட்டார்கள். வேர் உடைந்தது. ஐந்து நிமிடம் என்றது ஒன்றரை மணித்தியாலமாகியது. கீழ் ஞானப் பல்லின் வேருக்குக் கிட்ட ஒரு நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் உதடும் நாடியும் விறைத்தே போகலாம். எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான் என்று பிறகுதான் அறிந்தேன். நல்லவேளை, அம்மாவுக்கு அது நடக்கவில்லை.

தையல் போடாமல், எழுத்தில் ஒரு குறிப்பும் தராமல் அனுப்பிவிட்டார்கள். இரவு தலையணை முழுக்க இரத்தம். கிளினிக் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. சுத்தமான துணியை மடித்துக் கடிக்கவைத்து, விடாமல் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. இதைப் படித்துவிட்டு அஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்துவது இருதயத்துக்கு ஆபத்து. பல் டொக்டருக்கு முன்கூட்டியே சொன்னால் போதும், இரத்தத்தை நிறுத்த அவர்களிடம் வழி இருக்கிறது.

மூன்றாம் நாள் காது வரைக்கும் வலி, வாயில் நாற்றம், பனடோல் கேட்கவில்லை. திரும்பப் போனோம். "சாதாரணம்" என்று சொல்லி, ஒரு அன்டிபயோட்டிக் எழுதி, அதற்கும் காசு வாங்கினார்கள். அதோடு விடவில்லை. முரசு எல்லாம் பழுது, நான்கு பக்கமும் வெட்டித் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், முற்பணம் கட்டுங்கள் என்றார்கள்.

ஓட்டோ பிடித்து வோர்ட் பிளேஸ் அரசாங்கப் பல் வைத்தியசாலைக்குப் போனோம். காத்திருந்தது காலை முழுக்க. ஆனால் பார்த்த பெண் டொக்டர் ஒரு நிமிடத்தில் சொன்னா: பல் இருந்த குழியில் உறைய வேண்டிய இரத்தக்கட்டி கழன்று, எலும்பு வெளியில் தெரிகிறது. இதை 'ட்ரை சொக்கட்' என்பார்களாம். குழியை உப்பு நீரால் கழுவி, மருந்து வைத்து அடைத்தா. பின்னேரம் அம்மா சோறு கேட்டார். காசு ஒன்றும் வாங்கவில்லை. முரசுக்கு முதலில் வேர் வரைக்கும் ஆழமாகச் சுத்தம் செய்து, சில கிழமை பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் உண்டான பைகள் அப்போதும் ஆழமாக இருந்தால்தான் வெட்டுவது பற்றி யோசிக்கலாம் என்றா.

பல் பிடுங்கிய முதல் நாளில் பலமாகக் கொப்பளிப்பதும், ஸ்ட்ரோவால் உறிஞ்சுவதும், சிகரெட்டும் அந்த இரத்தக்கட்டியைக் கழற்றிவிடக்கூடும். இதை அந்தக் கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அன்றிரவே உப்புத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தார், பாவம், நல்லதென்று நினைத்து.

பற்றுச்சீட்டு கேட்டு இரண்டு தரம் போய்விட்டேன். இன்னும் தரவில்லை.