ஃபோர்ஹேண்ட் பழக மொட்டை மாடியா, பாலாற்று மணலா?

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடையில் சேர்க்கும் விளையாட்டான டிஸ்க் கோல்ஃபில், எறியும் கையின் பக்கமிருந்தே டிஸ்க்கைச் சுண்டி விடும் ஃபோர்ஹேண்ட் வீச்சு லேசில் வசப்படாது. வேலூரில் அதைப் பழக இரண்டு வழி: மாடியில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு அதில் எறிவது, அல்லது தண்ணீர் ஓடாத மாதங்களில் பாலாற்று மணலுக்குப் போவது.

செலவு: மாடிக்குப் பழைய போர்வையும் கயிறும் போதும். ஆற்றுக்கு நாலைந்து டிஸ்க்காவது வேண்டும். ஒன்றே இருந்தால் எறிவதைவிட நடப்பதுதான் அதிகம்.

தேய்மானம்: மணலில் விழும் டிஸ்க்குக்கு அடி குறைவு. மாடியில் குறி தப்பினால் கைப்பிடிச் சுவரில் மோதி விளிம்பு சிதையும்.

கற்பது: இங்கேதான் உண்மையான வித்தியாசம். இந்த வீச்சுக்குத் தோள் பலத்தைவிட மணிக்கட்டின் சுண்டல் முக்கியம். முழங்கை விலாவை ஒட்டி முன்னே வர வேண்டும், உள்ளங்கை வானம் பார்த்தே இருக்க வேண்டும். விடும்போது மணிக்கட்டு உருண்டுவிட்டால் டிஸ்க் தள்ளாடும். அது முதல் 10 அடியிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்கப் போர்வையே போதும். ஆனால் வலக்கைக்காரர் வீசிய டிஸ்க் கடைசியில் வலப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை ஆறுதான் காட்டும்.

வெயில்: சித்திரையில் இரண்டுமே காலை 8 மணிக்குள் முடிய வேண்டும். வியர்த்த கையில் பிடி நழுவும்.

புதியவர்கள் மாடியிலேயே தொடங்கலாம். தள்ளாட்டம் அடங்கியதும் ஆற்றுக்குப் போங்கள், தூரமும் குறியும் அங்கேதான் வரும். முழங்கை வலித்தால் மட்டும், எங்கே இருந்தாலும் சரி, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.