த்ரீடி முதுகு ஸ்கேன் என்று 46,500 ரூபா போய்விட்டது, மட்டக்களப்புப் பெற்றோர் கவனம்

நேற்றுப் பின்னேரம்தான், காசைத் திருப்பிக் கேட்டு அந்த ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 12 வயது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தபோது தையற்கார அக்காதான் கண்டுபிடித்தா, "பிள்ளைக்கு ஒரு தோள் உயர்ந்திருக்கு, சட்டை விளிம்பும் ஒரு பக்கம் ஏறுது, யாரிட்டயாவது காட்டுங்க" என்று. பெரியாஸ்பத்திரி கிளினிக் வரிசையை நினைத்துப் பயந்து, நகரில் இருக்கிற ஒரு தனியார் முதுகுப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கதிர்வீச்சு இல்லை, பத்து நிமிடம், முதுகெலும்பை முப்பரிமாணத்தில் அப்படியே காட்டுவோம் என்று போட்டிருந்தார்கள்.

இருட்டறையில் பிள்ளையை முதுகு காட்டி நிற்கவைத்து, முதுகில் கோடு கோடாக வெளிச்சம் விழுத்திப் படம் எடுத்தார்கள். அப்புறம் திரையில் ஒரு முதுகெலும்பு கலர் கலராகச் சுற்றுகிறது. வெள்ளைக் கோட் போட்ட அந்தத் தம்பி, "அக்கா, இதுதான் உங்கட மகள்ட எலும்பு, 32 பாகை வளைஞ்சிருக்கு, இப்ப பிரேஸ் போடாட்டி பிறகு ஒப்பரேஷன்தான்" என்றார். பிரேஸ் என்றால் வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றி மாட்டுகிற கவசம். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அந்த நிமிடம் அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன், சொந்தப் பிள்ளையின் எலும்பு என்று ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் சுற்றிக் காட்டினால் எந்தத் தாய் நம்பமாட்டாள்? ஸ்கேனுக்கு 16,500, பிரேஸுக்கு அட்வான்ஸ் 30,000. மொத்தம் 46,500 ரூபா, சீட்டு எடுத்து வைத்திருந்த காசு.

ஐந்து நாள் கழித்து பிரேஸுக்கு அளவெடுக்கப் போனால் திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள், 21 பாகையாம். ஐந்து நாளில் 11 பாகை நிமிர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "பிள்ளை நின்ற விதம்" என்றார்கள்.

அங்கேதான் மனம் உறுத்தியது. அடுத்த கிளினிக் நாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டொக்டர் பிள்ளையை முன்னுக்குக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார், நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். 14 பாகை! ஒரு சதமும் செலவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வளைவை முடிவு செய்வது நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் அளக்கிற கொப் கோணத்தை, அதாவது முதுகெலும்பு வளைந்திருக்கிற பாகையை வைத்துத்தான், அது 10 பாகையாவது இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிற நோய் என்பார்கள், அந்த அளவிலேயே 5 பாகை முன்பின் ஆகலாம். நான் காசு கட்டிய மெஷின் எலும்பைப் பார்க்கவே இல்லை. தோலின் மேடு பள்ளத்தை அளந்து, உள்ளே எலும்பு இப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு வரைகிறது. வளைவு இருப்பது தெரிந்த பிள்ளையைக் கதிர்வீச்சு இல்லாமல் இடைக்கிடை பார்க்க அது உதவுமாம், அதை மட்டும் வைத்து பிரேஸ் எழுதுவது பிழை. வளர்கிற பிள்ளைக்குப் பொதுவாக 25 பாகையிலிருந்துதான் பிரேஸை யோசிப்பார்களாம். அப்படியென்றால் சிடி ஸ்கேனில் த்ரீடியாக எடுக்கலாமா என்றும் கேட்டேன். அது எலும்பைத்தான் காட்டும், ஆனால் படுக்கவைத்து எடுப்பதால் வளைவு குறைந்து தெரியும், கதிர்வீச்சும் அதிகம் என்றார். மகளை ஆறு மாதத்தில் திரும்பக் காட்டினால் போதும்.

சரி, காசைத் திருப்பித் தாருங்கள் என்று போனேன். முதல் நாள் "மனேஜர் கொழும்பில" என்றார்கள். இரண்டாம் முறை பிரேஸ் ஓடர் போய்விட்டதாம், எந்த அளவுக்குப் போனது, 32க்கா 21க்கா என்று கேட்டால் பதில் இல்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழுகிறது. நேற்று, 14 பக்க ரிப்போர்ட்டின் கடைசியில் எறும்பு மாதிரி எழுத்தில் "இது நோயை உறுதிப்படுத்தாது" என்று இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார்கள். காசு வாங்கும்போது அந்த விரல் எங்கே போனது? 46,500 ரூபா! மகள் இன்னும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கமாட்டேன் என்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது ஏலாது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் பிரேஸுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். இது எலும்பின் படமா, தோலைப் பார்த்துப் போட்ட கணக்கா என்று நேராகக் கேளுங்கள். அட்வான்ஸ் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், வரிசை பரவாயில்லை.

நாளைக் காலை நுகர்வோர் அதிகாரசபையின் 1977 நம்பருக்குக் கோல் எடுத்து முறைப்பாடு சொல்லப்போகிறேன். ரிசீட் இரண்டும் கையில் இருக்கிறது.