ஊசி போடும் இடத்தைக் காட்டச் சொன்ன மருத்துவர்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு சிறிய நீரிழிவு மருத்துவமனைக்கு எட்டு மாதங்களாக என் அம்மாவை அழைத்துச் செல்கிறேன். நோயாளியிடம் பேச வேண்டிய முறையில் பேசும் இடம் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அம்மா மூன்று ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். முன்பு பார்த்த இடத்தில், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து யூனிட்டைக் கூட்டி எழுதிவிட்டு, நாங்கள் எழுவதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். சர்க்கரையோ ஒரு நாள் 280, மறுநாள் 65 என்று ஏறி இறங்கியது. அம்மா வாயைக் கட்டவில்லை என்றார்கள். நானும் அதை நம்பி அவரைக் கடிந்துகொண்டேன்.

இங்கே முதல் நாளே மருத்துவர் பழைய சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "ஊசியை எங்கே போட்டுக்கொள்கிறீர்கள், காட்டுங்கள் அம்மா" என்றார். தொப்புளுக்கு இடப்புறம் ஒரே இடத்தை அம்மா காட்டினார். அங்கே குத்தினால் வலிப்பதில்லையாம். மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவின் விரலையும் அங்கே வைத்து அழுத்தச் சொன்னார். தோலுக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குத் தடிப்பு இருந்தது. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் கொழுப்பு இப்படித் தடித்துவிடும், அங்கே வலி குறைவாகத் தெரியும், ஆனால் மருந்து சீராக ரத்தத்தில் சேராது என்று பொறுமையாக விளக்கினார். இனி ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும் என்றும், நல்ல இடத்தில் போடும்போது மருந்து முழுமையாகச் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் அளவைக் குறைப்பதாகவும் சொன்னார். மூன்று ஆண்டுகளில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு, "நான் புரியும்படி சொன்னேனா என்று தெரிய வேண்டும்; சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்த்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டார். உடனே இட்லி சாப்பிடுவேன் என்றார் அம்மா. முதலில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்த்த பிறகே இட்லி என்று திருத்தி, மறுபடியும் அம்மாவின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

குறைகளும் உண்டு. டோக்கன் நேரம் பெயருக்குத்தான். ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறோம். வரவேற்பில் இருப்பவர்கள் பலர் முன்னிலையில் பெயரோடு நோய் விவரத்தையும் உரக்கக் கேட்கிறார்கள். உள்ளே காட்டும் மரியாதைக்கு இது சற்றும் பொருந்தவில்லை, அவசியம் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டணம் 400 ரூபாய்.

சென்ற வாரம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c பரிசோதனை முடிவு 9.8 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாக இறங்கியிருந்தது. அம்மா இப்போது நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் வலம், இடம், தொடை என்று தம் கையாலேயே எழுதி வைக்கிறார். மருத்துவர் முதலில் வாங்கிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.