குழாய் வைத்த மண்பானை: சில கோடைகள் பழகிய பிறகு

திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் குழாய் வைத்த 10 லிட்டர் மண்பானை ஒன்று சில வருடங்களாக இருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும் என்று இதற்கு முன் மணியடித்து நினைவூட்டும் செயலி, பக்கவாட்டில் கோடு போட்ட பெரிய பாட்டில் எல்லாம் வந்து போயின. பானை மட்டும்தான் நிலைத்தது. அது இருக்கும் இடம்தான் முக்கியக் காரணம் என்பேன். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகிற வழியில், ஜன்னலை ஒட்டி, முக்காலி மேல் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானாகக் குழாய்க்குப் போகிறது.

இதில் அதிகம் மாறியது அம்மாதான். "தாகமே எடுக்கல, அப்புறம் எதுக்குக் குடிக்கணும்?" என்பார். வயதாக ஆக, உடம்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் தாக உணர்வு மந்தமாகிவிடும். அவருடைய நாற்காலியைப் பானைக்கு அருகில் போட்டோம். அப்புறம் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் நாளுக்குச் சுமார் 2 லிட்டர் என்கின்றன. நாங்கள் நான்கு பேர். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரப்பினால் ராத்திரிக்குள் அடி தெரிய வேண்டும். எங்கள் கணக்கு அவ்வளவுதான். சிறுநீரகம், இதயக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

குளிர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் காற்றோட்டம் இல்லாத சமையலறை மூலையில் பானை வைப்பது வீண். சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுப் பானை இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் நீர் சீக்கிரம் ஆவியாகாது. திருச்சி, மதுரை, வேலூர் வெயிலுக்குத்தான் இது முழுசாக வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் மாதிரி பல் கூசாது என்பதால் பிள்ளைகளும் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்துவிடுகிறார்கள்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் மண்வாடை குறையும். சோப்பு கூடாது, மண் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் காயவைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி மூடிவிடுவோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். வெட்டிவேர் போடுவதாக இருந்தால் துணியில் முடிந்து போட்டு, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வாசனையே நாற்றமாகிவிடும்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்குப் பானை சீக்கிரம் ஓய்ந்துவிடும். வெளியே வெள்ளையாக உப்புப் பூத்து, துளை அடைத்து, குளிர்ச்சி குறைந்துகொண்டே வரும். தேய்த்தால் ஓரளவு திரும்பும், முழுசாக இல்லை. எங்களுடையது இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டது. அடுத்ததும் மண்பானைதான், ஆனால் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். திருகு தேய்ந்து இரவெல்லாம் சொட்டுகிறது. இறுக்கினால் பானை விரிசல் விடுமோ என்று பயம்.